காதி யாருடைய அதிகாரி?

கிழக்கிலங்கையின் ஓட்டமாவடியில் கணவன் செலவுக்குக் கொடுக்காவிட்டால் மனைவி போய் நிற்பது காதியிடம். தலாக் சொல்ல நினைக்கும் கணவன் அறிவித்தல் கொடுப்பதும் அவரிடமே. பஸ்ஹ் எனும் மணமுறிவைக் கேட்கும் பெண்ணுக்கும், மஹர் பாக்கியைக் கேட்கும் பெண்ணுக்கும், கல்யாணத்துக்குக் கொடுத்த கைக்கூலியைத் திருப்பிக் கேட்கும் குடும்பத்துக்கும் வாசல் அதுதான். பள்ளிவாசல், மௌலவி, காதி என்று ஊர்ப் பேச்சில் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தும் கதை எழும்போதெல்லாம் 'மார்க்கத்தில் அரசு கை வைக்கிறது' என்ற குரல் முந்திக்கொண்டு கேட்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். ஆனால் காதிக்கு நியமனக் கடிதம் கொடுப்பது பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையும் இல்லை, உலமா சபையும் இல்லை. மாவட்ட நீதிபதியையும் நீதவானையும் நியமிக்கும் அதே நீதிச்சேவை ஆணைக்குழு. இதைக் குடியேற்ற ஆட்சி விட்டுப்போன கோணல் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. காதிப் பதவி முழு வளர்ச்சி கண்ட இடத்திலேயே அது அரசாங்கப் பதவியாகத்தான் இருந்தது. அதைப் பார்க்க உஸ்மானியப் பேரரசின் காதி அஸ்கர்களிடம் போக வேண்டும்.

காதி அஸ்கர் என்பவர் பெயரளவில் படையின் நீதிபதி. 1360களில் முதலாம் முராத் அந்தப் பதவியை உண்டாக்கி, சந்தார்லி காரா ஹலீல் என்பவரை அதில் அமர்த்தினார். அந்த மனிதர் பின்னர் வசீரானார் என்பதே பதவியின் போக்கைக் காட்டிவிடுகிறது. மார்க்கக் கல்வியில் தொடங்கி அரசு நிர்வாகத்தின் உச்சிக்குப் போகும் ஏணியாக அது முதல் நாளிலேயே அமைந்துவிட்டது. சுல்தான் போருக்குப் போனால் காதி அஸ்கரும் கூடப் போவார். படையினரிடையே எழும் வழக்கைக் கேட்பார். களத்தில் இறந்தவனின் சொத்தைப் பாகம் பிரிப்பார். 1481இல், இரண்டாம் மெஹ்மதின் ஆட்சி முடியும் தறுவாயில், ஒரு பதவி இரண்டாயிற்று: ஐரோப்பிய மாகாணங்களுக்கு ருமேலி காதி அஸ்கர், ஆசிய மாகாணங்களுக்கு அனதோலியா காதி அஸ்கர். இருவரில் ருமேலிக்காரரே மூத்தவர். கிழக்கே புதிதாகப் பிடித்த நாடுகளுக்காக முதலாம் சலீம் மூன்றாவதாக ஒருவரை வைத்துப் பார்த்தார். அது சில ஆண்டுகளே நிலைத்தது.

இவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது முக்கியம். தொப்காபி அரண்மனையில் குவிமாடத்தின் கீழ் கூடிய அரச திவானில் பிரதம வசீர், ஏனைய வசீர்கள், வருவாய்க்குப் பொறுப்பான தஃப்தர்தார், அரச முத்திரையெழுத்து வரையும் நிஷாஞ்சி ஆகியோருடன் இரண்டு காதி அஸ்கர்களும் அமர்ந்தார்கள். மேலே கம்பி வலையிட்ட சன்னல் ஒன்று இருந்தது. அதன் பின்னால் சுல்தான் இருக்கிறாரா இல்லையா என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. முறைப்பாட்டுக்காரர்கள் வரிசையாக உள்ளே வருவார்கள். ஷரீஅத் சார்ந்த வழக்கைப் பிரதம வசீர் காதி அஸ்கர்களிடம் ஒப்படைப்பார். வெள்ளிக்கிழமைகளில் அவர் தம் மாளிகையிலும் இவர்களை வைத்துக்கொண்டு வழக்குக் கேட்பது வழமை. பேரரசின் மார்க்கத் தலைவராகப் பிற்காலத்தில் உயர்ந்த ஷெய்குல் இஸ்லாமுக்கு இந்தத் திவானில் ஆசனமே கிடையாது. பத்வா சொல்பவர் வெளியில் நின்றார். தீர்ப்புச் சொல்பவர் அமைச்சரவைக்குள் உட்கார்ந்திருந்தார். சட்டத்துக்கு விளக்கம் கொடுப்பது அறிஞரின் வேலை, அதை நிறைவேற்றுவது அரசின் வேலை என்று உஸ்மானியர் பிரித்து வைத்ததை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் சொல்லாது.

காதி அஸ்கரின் உண்மையான பலம் வழக்குக் கேட்பதில் இருக்கவில்லை, ஆள் போடுவதில் இருந்தது. சிற்றூர் காதிகளும் சாதாரண மதரசா ஆசிரியர்களும் அவரவர் பகுதிக் காதி அஸ்கரின் கையால் நியமனம் பெற்றார்கள். மதரசாவில் ஓதி முடித்தவன் உடனே காதியாகிவிட முடியாது. பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும், பின்னர் இஸ்தான்புல்லில் வெற்றிடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புப் பட்டியலை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் 1537 முதல் 1545 வரை ருமேலி காதி அஸ்கராக இருந்த அபுஸ் சுஊத் எபெந்தி; பின்னால் 1574இல் இறக்கும் வரை ஷெய்குல் இஸ்லாமாக இருந்தவரும் அவரே. ஒவ்வொரு காதிப் பதவிக்கும் நாளொன்றுக்கு இத்தனை அக்சே (வெள்ளி நாணயம்) என்று தரம் உண்டு, தவணை உண்டு, தவணை முடிந்தால் இடமாற்றமோ காத்திருப்போ உண்டு. அந்தக் காதி தம் ஊரில் விவாகத்தையும் பாகப்பிரிவினையையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சந்தை விலையைக் கண்காணித்தார், வக்பு கணக்கைப் பார்த்தார், தலைநகரிலிருந்து வரும் கட்டளையை ஊருக்கு வாசித்தார், எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதினார். நம்மூர் நிர்வாகத்தில் இன்று பிரதேச செயலாளரும் நீதவானும் பங்கிட்டுச் செய்கிற வேலை அது.

இந்தப் பதிவேடுகளை ஒருமுறை கிட்டப் பார்ப்பது நல்லது. இறந்துபோன படையினர், அரச ஊழியர் ஆகியோரின் சொத்தைப் பிரிக்கக் காதி அஸ்கரின் கீழ் கஸ்ஸாம் என்ற அதிகாரிகள் இருந்தார்கள். எதிர்னே நகரத்தில் 1545 முதல் 1659 வரை இவர்கள் எழுதிய பதிவுகளைத் துருக்கிய வரலாற்றாசிரியர் ஒமர் லுத்ஃபி பர்கான் 1966இல் பதிப்பித்தார். வீட்டுப் பொருட்கள், உடுப்புகள், கால்நடைகள், வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன் என்று ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் அங்கே விலையோடு கிடக்கிறது. மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் கடன்தான். வாரிசுகள் கைவைக்கும் முன் அது கழிய வேண்டும். பிரித்துக் கொடுத்ததற்கான கட்டணத்தை அதிகாரி எடுத்துக்கொள்வார். குர்ஆன் சொன்ன பங்கு ஒன்று. அதை எழுத ஒரு எழுத்தர், மதிப்பிட ஒரு ஆள், கட்டணம், முத்திரை, பேழையில் பாதுகாக்கும் பதிவேடு என்பவை வேறு. இரண்டாவது வகை முழுவதும் அரசு செய்துகொடுத்த ஏற்பாடு. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் முதலாவது வெறும் உபதேசமாக நின்றுவிடும்.

அரசு ஏற்பாட்டை மட்டும்தான் செய்தது, சட்டத்தைத் தொடவில்லை என்று இங்கே ஒருவர் மறுக்கலாம். இதுதான் இந்த விவாதத்தின் மையமான மறுப்பு. ஆகவே இதில் சற்று நிற்க வேண்டும். ஹனபி மத்ஹபின் முதன்மையான கருத்துப்படி, வயது வந்த பெண் வலியின், அதாவது தன் பொறுப்பாளரின், அனுமதி இல்லாமலே தன் விவாகத்தைச் செய்துகொள்ளலாம். உஸ்மானியர் ஹனபிகள். ஆனால் 1544இல் சுல்தான் சுலைமானின் கட்டளை ஒன்று வந்தது: வலியின் அனுமதியில்லாத விவாகத்தைக் காதிகள் ஏற்கக் கூடாது. அபுஸ் சுஊத் அப்போது ருமேலி காதி அஸ்கர். பின்னாளில் தம் பத்வாக்களில் அவர் இந்தக் கட்டளையையே ஆதாரமாகக் காட்டினார். சட்டநூலில் ஒரு எழுத்தும் மாறவில்லை. காதிக்கு எந்த விவாகத்தை ஏற்க அதிகாரம் உண்டு என்பது மட்டும் மாறியது. விளைவு என்னவோ பெண்ணின் கை கட்டப்பட்டதுதான். பதினைந்து ஆண்டு கடந்த வழக்கைச் சுல்தானின் தனி உத்தரவின்றிக் காதி கேட்கக் கூடாது என்ற கட்டளையும் அதே காலத்தது. ஷரீஅத்தில் உரிமைக்குக் காலாவதி இல்லை. உஸ்மானியக் காதியின் காதுக்கு இருந்தது. காதியை நியமிப்பவர் அவர் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்றும் சொல்லலாம் என்பது அங்கே யாருக்கும் புதுமையாகப் படவில்லை. 1544இல் அரசின் கை பெண்ணுக்கு எதிராக நீண்டபோது அது மார்க்கத்தில் தலையீடு ஆகவில்லை என்றால், இன்று அவள் பக்கமாக நீளும்போது மட்டும் எப்படி ஆகும்?

உஸ்மானிய முறையை நான் பொற்காலமாகக் காட்ட வரவில்லை. 1631 அளவில் நான்காம் முராதுக்கு அவருடைய ஆலோசகர் கொச்சி பே எழுதிக்கொடுத்த அறிக்கையில், காத்திருப்புப் பட்டியலில் இடம் காசுக்கு விற்கப்படுவதையும் காதி அஸ்கர்கள் அடிக்கடி மாற்றப்படுவதையும் எண்ணி அவர் நொந்துகொள்கிறார். பெரிய நகரங்களுக்கான நியமனங்கள் அதற்கு முன்பே ஷெய்குல் இஸ்லாமின் கைக்குப் போயிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தங்களுக்குப் பின் புதிய நிஸாமிய்யா நீதிமன்றங்கள் வணிகத்தையும் குற்றத்தையும் எடுத்துக்கொண்டன. ஷரீஅத் நீதிமன்றத்துக்குக் குடும்பமும் வாரிசுரிமையும் வக்பும்தான் மிஞ்சின. 1917இல் அந்த நீதிமன்றங்களும் நீதி அமைச்சின் கீழ் வந்தன. அதே ஆண்டு வெளிவந்த குடும்ப உரிமைச் சட்டம் விவாக வயதை ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்று வைத்தது. அதற்குக் கீழே காதியின் அனுமதி வேண்டும், ஒன்பது வயதுக்குக் குறைந்த சிறுமிக்கு அந்த அனுமதியும் கிடையாது. கலீபாவின் பெயரால் நடந்த அரசு, கலீபா இருக்கும்போதே செய்த சட்டம் இது. நம்முடைய 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுமியின் விவாகத்தைக் காதியின் அனுமதியோடு பதியலாம் என்று சொல்லிவிட்டுக் கீழ் எல்லை எதையும் வைக்காமல் விட்டது.

'சுல்தான் முஸ்லிம், இலங்கை அரசு முஸ்லிம் அரசா?' என்ற அடுத்த கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேட இஸ்தான்புல்லை விட்டு மதராசுக்கு வரலாம். காதிகளை அரசாங்கம் நியமிப்பது பொருத்தமல்ல என்று சொல்லிப் பிரித்தானிய இந்திய அரசு 1864இல் அந்த வேலையிலிருந்து கை கழுவியது. முஸ்லிம்கள் விடுதலை கிடைத்ததென்று மகிழ்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. அரசு நியமிக்காத காதி காதியாவாரா, அவர் முன்னிலையில் நடந்த விவாகத்துக்கு என்ன மதிப்பு என்ற குழப்பம் எழுந்து, பழையபடி அரசே நியமிக்க வேண்டுமென்ற கோரிக்கை வலுத்தது. 1880ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டத்தை (காதியை அங்கே காஜி என்பார்கள்) சட்டவாக்க அவையில் கொண்டுவந்தவர் சர் சையத் அகமது கான். நாட்டின் சில பகுதிகளில் முஸ்லிம் சமூக வழக்கப்படி விவாகத்தில் அரசு நியமித்த காஜி இருப்பது தேவையாகிறது என்று அந்தச் சட்டத்தின் முகவுரையே சொல்கிறது. அரசு முஸ்லிம் அரசாக இருக்க வேண்டும் என்று அன்று யாரும் நிபந்தனை வைக்கவில்லை. அச்சட்டம் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதையும் தரவில்லை. தமிழ்நாட்டு மாவட்டக் காஜிகள் இன்றும் அப்படித்தான். காஜி தரும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே என்று 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது அது இந்தச் சட்டத்தின் பழைய எல்லையைத்தான் நினைவூட்டியது.

இலங்கை அதைத் தாண்டிப் போனது. ஒல்லாந்தர் 1770இல் சோனகருக்கெனத் தனிச்சட்டத் தொகுப்பை வைத்தார்கள். பிரித்தானிய அதிகாரி அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் 1806இல் அதை அடியொற்றிய முஹம்மதியச் சட்டக்கோவையைக் கொழும்புப் பகுதிக்குக் கொண்டுவந்தார். 1852இல் அது தீவு முழுவதற்குமானது. அப்போதெல்லாம் வழக்குப் போனது சாதாரண நீதிமன்றத்துக்கு. காதி நீதிமன்றம் என்ற ஒன்று பிறந்தது 1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால். அது நடைமுறைக்கு வந்தது 1937இல். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்து 1954இலிருந்து நடக்கிறது. நூறாண்டு கூட நிரம்பாத, வர்த்தமானியில் பிறந்த நிறுவனம் இது. காதியின் தன்மை என்ன என்ற கேள்வி 1962இல் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. அமைச்சர் நியமித்த காதியின் கட்டளை செல்லுமா என்பது பிரச்சினை. காதி வகிப்பது நீதிப் பதவி, ஆகவே அவரை நியமிக்க வேண்டியது நீதிச்சேவை ஆணைக்குழு என்பது நீதிமன்றத்தின் விடை. மார்க்கப் பதவி என்ற எண்ணத்துக்கு அந்தத் தீர்ப்பு இடம் வைக்கவில்லை.

மட்டக்களப்புப் பகுதியிலிருந்து இன்னொரு மறுப்பு வரும். காதிச் சட்டத்துக்கு முன்பும் இங்கே விவாகப் பிணக்குகள் தீர்க்கப்பட்டன. கிழக்கின் பல ஊர்களில் குடிக்கொரு மரைக்காயர் பள்ளிவாசலில் இருந்தார், அவர்கள் கூடிப் பேசித் தீர்த்தார்கள், காதி அந்த மரபின் தொடர்ச்சி என்பது அது. மரைக்காயர் முறை இருந்தது உண்மை. ஆனால் அது தாய்வழிக் குடி முறையில் நின்றது. மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதி, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கமும் அதே முறையைச் சேர்ந்தது. அக்கம்பக்கத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அது பொது. அரபுச் சட்டநூல்களில் இதற்கு இடம் தேடினால் கிடைக்காது. காதி அந்த மரபின் வாரிசாக இருந்திருந்தால் அவருடைய சட்டம் அந்த வீட்டை அறிந்திருக்க வேண்டும். அது அறிந்தது கைக்கூலியைத்தான்: மணமகளின் பயன்பாட்டுக்காக மணமகனிடம் கொடுத்த பணமும் அசையும் பொருளும். கிழக்கில் ஒரு குடும்பத்தின் மிகப் பெரிய சொத்தான சீதன வீடு காதியின் எல்லைக்கு வெளியே. அதற்கு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். வாரிசுரிமையும் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அங்கேதான். ஊரின் வழக்கத்திலிருந்து முளைத்த நீதிபதிக்கு இப்படி ஒரு வேலி விழுந்திராது.

வாவியின் இக்கரையில், ஓட்டமாவடியில், காதி கட்டளையிட்ட பராமரிப்புப் பணத்தைக் கணவன் கட்டாவிட்டால் என்ன நடக்கும்? காதியிடம் பொலிஸ் இல்லை, சிறை இல்லை. பாலத்தைத் தாண்டினால் வாழைச்சேனையில் இருக்கிற நீதவான் நீதிமன்றம் போன்ற ஒன்றுக்குப் போய், அதைத் தண்டப்பணம் போல அறவிட வேண்டும். காதியின் கட்டளைக்குப் பல் கிடைப்பது அரச நீதிமன்றத்தில். மேன்முறையீடும் அப்படியே: கொழும்பில் ஐந்து பேர் கொண்ட காதிகள் சபை, அதற்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம். அடியிலும் நுனியிலும் அரசு இருக்கும்போது நடுவில் மட்டும் மார்க்கம் தனித்து நிற்கிறது என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

ஒப்பீடு பொருந்தாது, திவானில் வசீர்களோடு அமர்ந்தவர் எங்கே, சொற்பப் படியோடு தம் வீட்டு முன்மண்டபத்திலோ பாடசாலையிலோ வழக்குக் கேட்கும் நம் காதி எங்கே என்று கடைசியாக ஒருவர் கேட்கலாம். அந்த வித்தியாசத்தைத்தான் நானும் சொல்ல வருகிறேன். இந்தத் தீவின் முஸ்லிம்கள் இஸ்தான்புல்லிடமிருந்து துருக்கித் தொப்பியை வாங்கிக்கொண்டார்கள். 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் அதை அணிந்து உச்ச நீதிமன்றத்தில் தோன்ற முடியாமல் போனபோது பெரும் கிளர்ச்சியே செய்தார்கள். காதி அஸ்கரை மட்டும் வாங்கவில்லை. காதிகளைப் பயிற்றுவிக்கவும், பதிவேட்டைப் பார்வையிடவும், தவறினால் இடம் மாற்றவும், நன்றாகச் செய்தால் உயர்த்தவும் மேலே அங்கே ஒருவர் இருந்தார். இங்கே காதிகள் சபை மேன்முறையீட்டைக் கேட்கிறது, அவ்வளவுதான். நாடு முழுவதும் அறுபதுக்கு மேற்பட்ட காதிகள், ஒருவரோடொருவர் தொடர்பில்லாமல், சட்டப் படிப்பு கட்டாயமில்லாமல், நல்லொழுக்கமும் அந்தஸ்தும் தகுந்த தேர்ச்சியும் போதும் என்ற ஒற்றை வரியின் பேரில் நியமனம் பெறுகிறார்கள். வழக்காடிகளுக்காகச் சட்டத்தரணி தோன்ற முடியாது. பஸ்ஹ் வழக்கில் பக்கத்தில் மூன்று ஜூரிமார் இருப்பார்கள், அவர்களும் ஆண்கள். அதிகாரத்தைக் கொடுத்த அரசு பொறுப்பை எடுத்துக்கொள்ளவில்லை. காதியை மார்க்கத்தின் ஆள் என்று சமூகம் சொல்லச் சொல்ல, அரசுக்கும் அது வசதியாகப் போயிற்று. அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் பழைய சட்டங்கள் செல்லும் என்ற அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை இந்த வசதிக்குக் கூரை போட்டிருக்கிறது.

ஷாபி மத்ஹபில் பெண் காதியாக முடியாது என்பார்கள். ஷாபி மத்ஹபையே பெரும்பாலும் பின்பற்றும் மலேசியாவில் 2010இலிருந்து ஷரீஅத் நீதிமன்றத்தில் பெண் நீதிபதிகள் இருக்கிறார்கள், இந்தோனேசியாவில் அதற்கும் பல்லாண்டு முன்பிருந்தே. இரண்டு இடத்திலும் நியமித்தது அரசு. நமது சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருக்கும் 'ஆண் முஸ்லிம்' என்ற நிபந்தனையை எழுதியது பாராளுமன்றம். அழிப்பதும் அதனால் ஆகும்.

இந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் அப்போதைய அமைச்சர் மிலிந்த மொரகொட அமைத்த, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு தன் அறிக்கையைக் கொடுத்தது 2018 ஜனவரியில், அதுவும் இரண்டாகப் பிரிந்த கருத்தோடு. விவாக வயதையும் வலியையும் பற்றி அவர்கள் இன்னும் ஒரு தலைமுறை வாதாடட்டும். காதிக்கு ஒரு அலுவலகம், ஒரு எழுத்தர், முறையான பதிவேடு, நியமனத்துக்கு முன் பயிற்சி, வருடமொருமுறை பதிவேட்டைப் பார்வையிட ஒரு அதிகாரி என்ற ஐந்துக்கும் எந்த மத்ஹபிலும் தடை இல்லை, ஒரு ஆயத்தையும் யாரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. நியமனக் கடிதத்தில் கையெழுத்து வைக்கும் நீதிச்சேவை ஆணைக்குழுவும் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டிய நீதி அமைச்சும் இவற்றை வரும் வரவுசெலவுத் திட்டத்திலேயே செய்யலாம். ஓட்டமாவடியிலிருந்து கேட்க வேண்டியவர்கள் இவற்றை முதலில் கேட்கட்டும்.